மூன்று மூட்டை மாவு

பேருந்திலிருந்து இறங்கியதும் தம்தின் சொன்ன முதல் வார்த்தை
என் பெயர் அல்ல.
"எவனோ ஒரு குருட்டுப் பயல்
விளக்கைத் தணிக்கவே இல்லை.
டிரைவர் இரண்டு தரம் கண்ணடித்தும் கேட்கவில்லை.
முன் சீட்டில் இருந்தேனா,
இன்னும் பச்சையாய் மிதக்கிறது கண்ணுக்குள்."

பெட்ரோல் போட நிறுத்தம் தாண்டிப் போய்,
அவன் பேருந்துக்கு எதிரே ஓட்டிப்போன
அந்தக் குருட்டுப் பயல் நான்தான்.

தணித்துத்தான் வைத்திருந்தேன்.
வண்டி ஜப்பானில் பிறந்தது.
அங்கே இடப்பக்கம் போவார்கள்,
அதனால் இதன் வெளிச்சம் இடது ஓரத்தில் மட்டும்
கொஞ்சம் தலை தூக்கிப் பார்க்கும்,
நடந்து போகும் யாரோ ஒருவரைத் தேடி.
மந்தல்கோபி சாலையில் அந்த ஓரத்தில் இருப்பது
எதிரே வருகிறவனின் கண்.
வலப்பக்க ஸ்டீயரிங் எங்களுக்குப் பழகிவிட்டது.
வெளிச்சம் இன்னும் பழகவில்லை.

பதினைந்து நாள் இருந்துவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பினான்.
நான் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கே இருட்டு. மைனஸ் இருபத்தாறு.
முதலில் எங்கள் கெர் வீட்டின் வெள்ளைத் துணியில் அடித்துப் பார்த்தேன்.
வட்டச் சுவரில் நேர்கோடு நிற்குமா,
வழுக்கிக்கொண்டே போனது.
பிறகு உரன்பிலெக்கின் நிலக்கரிக் கொட்டகை,
சுண்ணாம்பு அடித்த சுவர்.
ஏழரை மீட்டர், கயிறு பிடித்து அளந்தேன்.
குளிரில் டேப் ஒட்டாமல் சுருண்டு விழுந்தது.
அவள் கொட்டகைக் கரியிலேயே ஒரு துண்டு எடுத்து
விளக்கின் உயரத்துக்கு ஒரு கோடு,
நான்கு விரல் கீழே இன்னொன்று.

டயரில் காற்று சரி. டாங்கில் பாதி.
இருக்கையில் ஓட்டுகிறவனின் எடை வேண்டும்.
நானோ வெளியே, திருப்புளியோடு.

மழலைப் பள்ளிச் சமையலறையில் வேலை எனக்கு;
திங்கட்கிழமை வரை மாவு கடன் கிடைக்கும்.
தம்தின் தொண்ணூற்றிரண்டு கிலோ.
இருபத்தைந்து கிலோ மூட்டை மூன்று,
செத்த பேட்டரி பதினைந்து,
மிச்சம் இரண்டுக்கு அவன் பழைய பூட்ஸ்.
சரியாமல் இருக்க பெல்ட்டும் மாட்டிவிட்டேன்.

கையுறை போட்டால் திருகு தட்டுப்படவில்லை,
கழற்றினால் இரும்பு தோலைக் கேட்கிறது.
ஒரு விளக்கைக் கம்பளிச் சட்டையால் மூடி
மற்றதைத் திருகினேன்.
கால் சுற்று. இன்னொரு கால்.
சுவரில் வெளிச்சத்தின் விளிம்பு
படியிறங்கும் பூனை மாதிரி
யோசித்து யோசித்து இறங்கியது.

உரன்பிலெக் வெளியே வந்தாள், கோட்டுக்குள் குழந்தை.
"எதற்கு இறக்குகிறாய்? உயர்த்தியே வை,
எல்லாரும் பயந்து ஒதுங்குவார்கள்."
பிறகு உள்ளே எட்டிப் பார்த்து,
"உன் புருஷன் வெளுத்துப் போய்விட்டானே" என்றாள்.
பல் கூச இருவரும் சிரித்தோம்.

அவள் போன பிறகுதான் தோன்றியது,
மாதத்தில் பாதி இதை ஓட்டுவது யார்?
கதவைத் திறந்து ஒரு மூட்டையை இறக்கினேன்.
அறுபத்தேழு.
விளிம்பு ஒரு நூல் அசைந்ததா இல்லையா,
சத்தியமாய்ச் சொல்ல முடியாது.
ஆனாலும் மறுபடி முதலிலிருந்து திருகினேன்.

அந்த இடது மூலை மட்டும்
எந்தத் திருகுக்கும் அடங்கவில்லை. பிறவிக் குணம்.
சுவரில் நிற்காத கறுப்பு டேப்
சூடேறிய கண்ணாடியில் சட்டென்று ஒட்டியது.
இரண்டு விரல் அகலம்.
தூர தேசத்துப் பாதசாரியை
இனி அது தேடாது.
கொஞ்சம் பாவமாய்த்தான் இருந்தது.

அணைத்தேன்.
சுவரும் கோடும் போய்விட்டன.
உள்ளே பெல்ட் போட்டு
நேராக உட்கார்ந்திருந்தேன் நான்:
இரண்டு மூட்டை மாவு, ஒரு செத்த பேட்டரி,
அவனுடைய பூட்ஸ்.

அடுத்த முறை அதே இடத்தில் பேருந்து எதிரே வந்தது.
கண்ணடிக்கவில்லை.
தம்தின் இறங்கி வந்து,
"பசிக்கிறது" என்றான்.